எதிர் இலை

மயிலாடுதுறை சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை. அமாவாசை நண்பகல். சுற்றிலும் நெல்வயல், ஒரு கதிர்கூட அசையவில்லை. சாப்பிட என்னைத் தவிர ஆளில்லை. ஆனால் எனக்கு எதிரே, காலி நாற்காலிக்கு முன்னால், இன்னொரு இலையில் சோறு ஆவி பறக்கிறது.

“வெறும் சோறும் தயிரும் போதும்மா. எனக்குக் கோதுமை ஆகாது. சாம்பார்ல போடுற பெருங்காயத்துலகூட மைதா கலந்திருக்கும்.”

இதைக் கேட்டு வழக்கமாகச் சிரிப்பார்கள். கடைக்கார அம்மா சிரிக்கவில்லை.

“வயிறு உப்பிக்கிட்டு, உடம்பு உருகிக்கிட்டே போகுமா?”

நான் அதைச் சொல்லவே இல்லை. தலையாட்டுகிறேன்.

“எம் மவனுக்கும் அப்படித்தான். அவன் போயி மூணு வருஷமாச்சு. எந்த டாக்டருக்கும் பிடிபடல. தெம்பு வரட்டும்னு நான்தான் மூணு வேளையும் கோதுமைக் கஞ்சி காய்ச்சி ஊத்துனேன்.” எதிர் இலையில் தயிரை ஊற்றுகிறார். “இதுக்குப் பேரு இருக்கா தம்பி?”

“சீலியாக்.”

அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். பிறகு காலி நாற்காலியிடம் மெதுவாகச் சொல்கிறார்.

“கேட்டியாய்யா? பேரு இருக்காம். இது அரிசிச் சோறுதான், பயப்படாம சாப்பிடு.”

எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளுகிறது. ஆனாலும் அவன் முதலில் கை வைக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.