கப்பலுக்கு எடுத்த கோடிச் சேலை

என் மூத்த மகள் கப்பலில் பிறந்தவள். இன்றைக்கு இதைச் சொன்னால் கண்ணை அகல விரித்து, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அன்றைக்கு எங்கள் பக்கம் இதைச் சொன்னால் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டுகிறவர்களை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. பினாங்கில் ஒரு தமிழ் அச்சகத்தில் என் கணவர் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. தலைப்பிள்ளை உண்டாகியிருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சனத்தின் வழக்கம். என் தாய்வீடு சாத்தூருக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்குள் இருந்தது. இடையில் ஒரு கடல் கிடக்கிறதே, பிள்ளைத்தாய்ச்சி அதைத் தாண்ட வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘வளைகாப்புப் போட்டுக் கப்பலேற்றி விடவும்’ என்று என் அம்மா யாரையோ பிடித்துக் கடிதம் எழுதிவிட்டாள். சாத்தூரில் பஸ் ஏற்றி சிவகாசியில் இறக்கிவிடுகிற காரியம் என்று அவளுக்கு நினைப்பு.

ஏழாம் மாதம் கேட்ட டிக்கெட் ஒன்பதாம் மாதம்தான் கிடைத்தது. கப்பலேறும் இடத்தில் டாக்டர் என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்டார். ஆறு என்றேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கிக்கொண்டு நின்று இந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் எங்கள் பக்கத்து ஆளாக இருந்திருந்தால் வளையலைப் பார்த்த உடனே திருப்பி அனுப்பியிருப்பார். வெளிநாட்டுக்காரர், தலையை ஆட்டிவிட்டுச் சீட்டில் ஆறு என்று எழுதி முத்திரை குத்தினார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பியது. அவர்கள் பொறுப்பில் என்னை ஏற்றிவிட்டார் கணவர்.

நாங்கள் டெக் பயணிகள். மேல்தளத்தில் பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் அதுதான் வீடு. நாலாம் நாள் மத்தியானம் எனக்கு வலி கண்டது. முன்பின் தெரியாத பெண்கள், ஆளுக்கொரு சேலையைப் பிடித்துச் சுற்றி நின்று ஓர் அறை கட்டினார்கள். காற்றுக்குச் சேலை விலகினால் கையை எடுக்காமல் காலால் மிதித்துக்கொண்டார்கள். கப்பல் டாக்டர் வந்து சீட்டையும் என்னையும் பார்த்ததும், ஆறு மாதமா என்று கேட்டு முறைத்தார். அப்புறம் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும் முன்னே பெண் பிறந்தாள். பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சேனை தொட்டு வைப்பதற்கு ஊரில் நல்லவரா, கைராசிக்காரரா என்று தேடுவார்கள். அங்கே கப்பலின் சமையற்காரர்தான் சீனித் தண்ணீர் கொண்டுவந்து தொட்டு வைத்தார். எனக்குக் குழைந்த கஞ்சியும் பூண்டும் கொடுத்தனுப்பினார். என் அம்மா செய்திருக்க வேண்டியதையெல்லாம் அந்தக் கப்பல் செய்தது. அதைவிட ஒரு தாய்வீடு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

ஊருக்கு வந்ததும் ஆரம்பித்தது. ஜாதகம் எழுத வந்தவர் பிறந்த ஊரைக் கேட்டார், நடுக்கடல் என்றேன். பிறந்த நேரத்தைக் கேட்டார். மேற்கே வர வரக் கப்பலில் தினமும் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். என்னிடம் இருந்தது கப்பல் நேரமா, பினாங்கு நேரமா என்று எனக்கே தெரியாது. அவர் ஏட்டைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“தண்ணியில பொறந்த புள்ளைக்கு ஊரும் இல்ல, நேரமும் இல்ல. நாளைக்கு எவன் வந்து கேப்பான் இவள?” என்றார் என் கணவரின் அக்கா.

“கேக்காட்டி இருக்கட்டும் மதினி. ஒங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்த மாட்டேன்” என்றேன். அன்றிலிருந்து எனக்கு வாய்க்காரி என்று பேர்.

ஒரு வருடம் கழித்துக் கணவரும் திரும்பி வந்து திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். நான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, கப்பல் எல்லாம் ஊராகாது என்று சொல்லி என் தாய்வீட்டு ஊரை எழுதிக்கொண்டார்கள். நான் சண்டை போட்டேன். கணவர் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். அதையெல்லாம்விட எனக்கு வலித்தது வேறொன்று. பிள்ளைகள் அவளைக் ‘கப்பல், கப்பல்’ என்று கேலி செய்யப்போய், பத்து வயதிலேயே என் மகள் பொய் சொல்லப் பழகிவிட்டாள். எங்கே பிறந்தாய் என்று யார் கேட்டாலும் சாத்தூர்ப் பக்கம் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால், “அம்மா, கப்பல் கதைய எடுத்துராத” என்று முன்கூட்டியே காதில் சொல்வாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதான வருடம், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஒரு நாள் சாயங்காலம் கணவர் சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். எங்கள் கப்பலுக்கு வயதாகிவிட்டதாம். அடுத்த வாரம் நாகப்பட்டினத்துக்கு வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போவதுதான் கடைசியாம். அதற்குப் பிறகு பழைய இரும்பாக விற்று உடைக்கப் போகிறார்களாம். நான் இரண்டு தரம் படித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை பேரைச் சுமந்ததை எடைக்குப் போடுவார்களா?

“நான் புள்ளையக் கூட்டிட்டு நாகப்பட்டினம் போறேன்” என்றேன்.

“போய்?”

“தாய்வீட்டுல சாவு விழுந்தா கட்டிக்கொடுத்த பொண்ணு கோடி எடுத்துட்டுப் போகணுமா இல்லையா? நான் போறேன்.”

கோடி என்றால் செத்தவர் மேல் போர்த்தும் புதுச் சேலை. என் கணவர் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருடைய மற்ற குற்றங்களை எல்லாம் மன்னித்திருக்கிறேன். செய்தி தெரிந்து மறுநாளே அவர் அக்கா வந்துவிட்டார். “இரும்புக்குக் கோடியா? ஏ புள்ள, கேக்குறவுக வாயால சிரிக்க மாட்டாக” என்றார். எதால் சிரித்தாலும் போவேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

கம்பெனியில் மேஸ்திரி லீவு தர மாட்டேன் என்றார்.

“லோடு ஏத்துற நேரத்துல லீவா? யாரு செத்தது?”

“இன்னும் சாகல. சாகப் போகுது.”

“அதான், யாரு?”

“கப்பல்.”

“அங்கன போனா இங்கன வேல கெடையாது, பாத்துக்க” என்றார். சிவகாசியைச் சுற்றி இது ஒன்றுதான் கம்பெனியா என்று கேட்டுவிட்டு வந்தேன். கூட வேலை பார்த்த பெண்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி தன் வீட்டிலிருந்து ஒரு சரவெடி கொண்டுவந்திருந்தாள். “பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்த சாவுக்கு வெடி இல்லாமப் போவாகளா?” என்றாள். அதுவும் சரிதானே என்று வாங்கி, கப்பலுக்கு எடுத்திருந்த கோடிச் சேலையின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். ரயிலில் வெடி கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் வெடி, அரிசி பருப்பு மாதிரி வீட்டுச் சாமான். பையில் வைத்த பிறகு அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மகள் வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். தூக்கிக்கொண்டு போக முடியாத வயது. “இன்னைக்குப் பாக்கலன்னா இனிமே பாக்க முடியாது. பாத்துட்டு வந்து ஒனக்கு வேணாம்னா சாத்தூர்னே சொல்லிக்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்” என்றேன். விருதுநகரில் ரயிலேறினோம். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று மாறி மாறிப் போய் நாகப்பட்டினத்தில் இறங்கும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

கடற்கரைக்குப் போய்ப் பார்த்தால் கப்பல் எங்கோ தொலைவில் நின்றது. அங்கே பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஆளையும் மூட்டையையும் படகில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றாள் மகள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். அவளைச் சொல்லி என்ன செய்ய? கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் தெரியும் எம்புட்டு என்று. படகில் ஏறி, கப்பலின் உடம்பில் அவள் கையை வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். படகுக்காரர் ஒருவரிடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். சுங்க ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

சுங்க ஆபீஸில் மேசைமேல் பையைக் கொட்டச் சொன்னார்கள். பை மகள் கையில் இருந்தது. அவள் சேலையை உதறினாள், உள்ளேயிருந்து சரவெடி தொப்பென்று விழுந்தது.

அங்கிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு சின்னச் சரத்துக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதிகாரி கத்தினார். சேவகர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து சரத்தை அதில் போட்டார்.

“அந்தத் தண்ணிய ஆடு மாடு குடிக்கிற எடத்துல ஊத்திராதீக” என்றேன் அவரிடம். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது.

“இந்தச் சேலை யாருக்கு?”

“கப்பலுக்கு.”

“கப்பல்ல யாருக்கும்மா?”

“கப்பலுக்குத்தான்யா. ஒடைக்கப் போறாகல்ல, அதுக்குக் கோடி.”

எல்லாவற்றையும் சொன்னேன். வளைகாப்பு, ஆறு மாதப் பொய், சேலையால் கட்டிய அறை, ஒன்றையும் விடவில்லை. மகள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வெட்கம். முன்னால் நின்றவர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் இறங்கியும் வரவில்லை. வெடியோடு பிடிபட்டவர்களைப் படகில் விட முடியாது என்றார். நான் மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வழக்கு இல்லாமல் அனுப்புவதாகவும் சொன்னார்.

“தாய்வீட்டுச் சாவுக்கு வந்ததுக்கு எதுக்குய்யா மன்னிப்பு? எழுத மாட்டேன். என்ன வேணும்னாலும் செஞ்சுக்கோங்க” என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் ஏதோ யோசித்து, “பை பாப்பா கையிலதானே இருந்தது? சின்னப் பிள்ளை தெரியாம எடுத்துவந்ததுன்னு இருக்கட்டும். பாப்பா, நீ எழுது” என்று ஒரு தாளை நீட்டினார். நல்ல மனிதர்தான், அன்றைக்கு ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மகள் பேனாவை வாங்கினாள். பெயர், தகப்பன் பெயர், வயது, இருக்கும் ஊர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். அடுத்தது பிறந்த ஊர். பேனா நின்றது. ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். கப்பலில் புகை கிளம்பத் தொடங்கியிருந்தது. கடைசிப் படகுக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து எழுதினாள். எழுதியதை எட்டிப் பார்த்த அதிகாரி நெற்றியைச் சுருக்கினார்.

“ஊர்ப் பேரைக் கேட்டா கப்பல் பேரை எழுதியிருக்கியே. இன்னும் ரெண்டு மாசத்துல அந்தக் கப்பலே இருக்காது பாப்பா. இதை அடிச்சுட்டு ஊர்ப் பேரை எழுது.”

“எங்க தாத்தாவும்தான் செத்துப்போயிட்டாக” என்றாள் என் மகள். “அதுக்காக எங்கப்பா பேருக்கு முன்னால உள்ள இனிஷியல அடிச்சிட்டாகளா?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவளை யார் பெற்றது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. தாளை வாங்கி, எழுதியிருந்தது எழுதியபடியே இருக்க, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு மேசையில் கிடந்த சேலையை எடுத்து நன்றாக உதறிப் பார்த்துவிட்டு, நான் பேசி வைத்திருந்த படகுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். “ஆள் போக முடியாது. சேலை போகலாம்” என்றார்.

நாங்கள் படகுக்காரர் பின்னாலேயே அலை வரைக்கும் ஓடினோம். படகை ஏற்கெனவே தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். படகுக்காரர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி, திரும்பிப் பார்த்து, “யாரு குடுத்துவிட்டதுன்னு கேட்டா என்ன சொல்ல?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முட்டளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். கரையில் வழியனுப்ப வந்தவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சுங்கக்காரர்கள் என்று அத்தனை பேரும் நின்றார்கள்.

“அங்கன பொறந்த புள்ள குடுத்ததுன்னு சொல்லுங்க!” என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காதோ என்று நினைத்து, இன்னொரு தரமும் கத்தினாள்.