போட்டி சூடாகும்வரை

கணினியில் கேம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்ட் சந்தையைப் பற்றி என்னைவிட விபரம் தெரிந்த தமிழர் இந்தச் சுவிஸ் நகரம் ஓல்டனில் இருந்தால் முன்னால் வரட்டும். களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவதுதான் என் வேலை. ஆனாலும் எந்தக் கார்ட் எப்போது வரும், எதன் விலை இறங்கும் என்று கேட்டு சூரிச்சிலிருந்துகூட அழைப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பொறுங்கோ. இவ்வளவு நாளும் இரண்டு கம்பனி ஆடினதுதான் ஆட்டம். இப்ப மூன்றாவதும் இறங்கியிட்டுது. போட்டி சூடாகட்டும், விலை தானா இறங்கும்."

அந்த நம்பிக்கை எனக்கு இன்றைக்கும் உண்டு. நான் விட்ட பிழை வேறு.

என்னுடையது பேசிச் செய்த கலியாணம். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் மாரிக்குளிரில் அவளுக்குப் பகலில் ஜெர்மன் வகுப்பு. மாலையில் என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியாது. ஒருநாள் அவளிடம் மடிக்கணினியைக் கொடுத்து, இருவர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றைத் தொடங்கினேன். பனி மூடிய நகரத்தில் ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் ஏற வேண்டும். "விடாதேங்கோ, விடாதேங்கோ" என்று கத்தினாள். அவள் என்னோடு சத்தமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அந்தக் கேமை மூன்று தரம் முடித்தோம். இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்த நாளில் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரித் துள்ளினோம்.

பிறகுதான் என் கணினி கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது. எதைத் திறந்தாலும் பத்து நிமிடத்தில் கார்ட் கொதித்து, திரை கறுத்துவிடும். கார்ட் கிழடாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். புதிது வாங்கலாமே என்றாள். "பொறும்" என்றேன். ஒரு வருடத்துக்கு மேலாகப் பொறுத்தாள். சேர்ந்து ஆடுவது அத்தோடு நின்றுபோனது. மாலையில் நான் போனில் சந்தைச் செய்தி படிப்பேன். அவள் தன்பாட்டில் அடுத்த நாள் வேலை உடுப்பை அயன் பண்ணுவாள்.

இரண்டாம் பாகம் வெளிவந்தது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். டீன்ஸ்ட்பிளான் என்கிற வேலை அட்டவணையில் கூட வேலை செய்பவளோடு முறை மாற்றி, அந்த வாரத்து ஞாயிறை லீவாக எடுத்திருந்தாள். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம்.

"இண்டைக்கு உங்கடை சந்தை என்ன சொல்லுது?" என்று அந்த ஞாயிறு காலை கேட்டாள். நக்கல்தான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்..."

"எனக்குச் சந்தை வேண்டாம். இண்டைக்கு உங்களோடை விளையாட வேணும். இண்டைக்கும் இல்லையெண்டா இனி நான் கேக்கமாட்டன்."

எனக்குப் பயம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறந்திராது. வேறு வழியில்லாமல் கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

கார்டின் விசிறிகள் வெள்ளையாக இருந்தன. தொட்டுப் பார்த்தேன். விபூதி. அதன்மேல் சாம்பிராணிப் புகையின் பிசுக்கு. எங்கள் சின்ன வீட்டில் சாமித் தட்டுக்கு நேர் கீழேதான் கணினிக்கு இடம். வெள்ளி தவறாமல் சாம்பிராணி. அதைக்கூட மன்னிக்கலாம். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கணினிக்கும் சந்தனம் பூசி, காற்றுப் போகும் துளைகளின் மேலே தாராளமாக விபூதி தூவியவன் நான்தான். வருடா வருடம், பக்தியோடு.

"கார்ட் கிழடு எண்டு சொன்னது ஆர்?" என்றாள். இப்போது சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சுவிஸில் ஞாயிறில் சத்தம் கூடாது; தூசு உறிஞ்சும் மெஷினைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து மணியடிப்பார். அதனால் அவள் தன் பவுடர் பிரஷ்ஷை எடுத்து வந்தாள். நான் விசிறியை அசையாமல் பிடிக்க, அவள் இடுக்கு இடுக்காகத் துடைத்தாள். பெட்டியை மற்றச் சுவரோரம் நகர்த்திவிட்டு, இரண்டாம் பாகத்தை இணையத்தில் வாங்கி இறக்கி ஆடத் தொடங்கினோம்.

பத்து நிமிடம் போனது. ஒரு மணித்தியாலம் போனது. திரை கறுக்கவில்லை. பழைய கார்ட் என்பதால் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தேன். தூரத்து மலைகள் உதிர்ந்த புட்டு மாதிரித் தெரிந்தன. புதுக் கார்ட் வாங்கத்தான் போகிறேன், விலையும் இறங்கத்தான் போகிறது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அந்தப் புட்டு மலையே போதுமாயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து ஆடிக்கொண்டிருந்தபோது, தான் பராமரித்த வயதான சுவிஸ் மனுசி ஒருத்தி செத்துப்போனதைச் சொன்னாள். கடைசியாகத் தலை சீவிவிட்டது தான்தானாம். அன்றைக்கு இல்லத்துக் கழிவறையில் நின்று அழுதாளாம். நடந்து மூன்று மாதமாகிவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது.

"ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வந்தனான். நீங்கள் விலை பார்த்துக்கொண்டு இருந்தியள்."

கோபமாகச் சொல்லவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கயிற்றைப் பிடித்தபடி சொன்னாள்.

"அந்த மனுசி எப்பிடிப்பட்டவ?" என்று கேட்டேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.