சக்கரமும் பச்சைப் பொடியும்

பதுளையில், தேயிலை ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அரைத்த பச்சைத் தேயிலையிலிருந்து மிக நுண்ணிய பொடியை மட்டும் பிரிக்கும் இயந்திரத்தை வடிவமைக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "சொளகு செய்ற வேலைக்கா ஒன்னய இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று சிரித்தார்.

சுளகுக்கு அடங்காத பொடி அது. இயந்திரத்துக்குள் ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்று கனத்த துகளை வெளியே தள்ளும். லேசான பொடி மட்டும் காற்றோடு சக்கரத்தின் இடுக்குகளில் நுழைந்து, தனிப் பையில் சேரும். அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு தகட்டையும் வரைந்தது நான்தான்.

அம்மா கொழுந்து பறிக்கும், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் நான் பிறந்து வளர்ந்த அப்புத்தளைத் தோட்டத்து ஆலையிலேயே அதைப் பொருத்தினோம். அன்று சரிவர ஓடாவிட்டால் வெளிநாட்டு இயந்திரம்தான் வாங்குவோம் என்று ஆலையை நடத்தும் டீமேக்கர் சொல்லியிருந்தார்.

ஓட்டினேன். பட்டறையில் அழகாகப் பிரித்த இயந்திரம் இங்கே சண்டித்தனம் செய்தது. டீமேக்கர் பைகளைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நல்ல பை பட்டினி கெடக்கு, கழிவுப் பை மட்டும் விருந்து சாப்பிட்டிருக்கு?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா."

கழிவைக் கையில் எடுத்தேன். நுண்பொடிதான், ஆனால் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தது. சக்கரம் அதைக் கனத்த துகளென்று தள்ளிவிட்டிருக்கிறது. காற்று வரும் குழாயைத் தொட்டேன், வியர்த்திருந்தது. தூசி இல்லாத இடமென்று, கொழுந்து வாட்டும் மேல்மாடியிலிருந்து காற்றை எடுத்திருந்தேன். அங்கே பரப்பிய கொழுந்து விடும் ஈரமெல்லாம் என் இயந்திரத்துக்குள் வந்துகொண்டிருந்தது!

குழாயைக் கழற்றி, தேயிலை உலர்த்தும் அடுப்பறைப் பக்கம் திருப்பினேன். குழாயின் வாயில் தூசி வடிக்கும் துணியைக் கட்டினேன். உலர்ந்த காற்று வந்ததும் நல்ல பை மெல்ல எழுந்து உப்பியது.

டீமேக்கர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். நெறுநெறுப்பு இல்லை. அங்கேயே கைப்பேசியை எடுத்துத் தோட்ட நிர்வாகியை அழைத்தார்.

"சார், வெளிநாட்டு மெஷின் வேணாங்க. நம்ம லயத்துப் பையன் செஞ்சதே போதும்... ஆமாங்க, லயத்துலதான்."

இயந்திரத்தை நிறுத்தலாம் என்றார் ஆலை உதவியாளர் ஒருவர். இன்னும் ஒரு பை நிறையும்வரை ஓடட்டும் என்றேன்.