தட்டிப் பார்க்கிற ரவூப்

தர்பூசணியை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் மூன்று தட்டு. காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடுகிறார். பிறகு அடுத்த பழம். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது பொறுத்துப் பார்த்துவிட்டு, "பழம் வாங்க வந்தீங்களா, பிரசவம் பாக்க வந்தீங்களா?" என்கிறார். ஒன்பதாவது பழத்தைத் தட்டியதும் ரவூப் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. வெட்டினால் உள்ளே வெளுப்பு. "இது எக்ஸப்ஷன் லா" என்பார். இந்த எக்ஸப்ஷன் வாராவாரம் நடக்கிறது.

மனிதர் கணிதப் பேராசிரியர். சிராங்கூனில் எனக்கு எதிர்வீடு. ஒரு மேளத்தைப் பார்க்காமல், அதன் ஓசையை மட்டும் கேட்டு, வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா? இந்தத் தலைகீழ்க் கணக்கோடு இருபத்தாறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார். லிஃப்ட் சுவர், பஸ் கம்பி, கல்யாண வீட்டு பிரியாணிச் சட்டி, எதையும் தட்டாமல் விட்டதில்லை. எங்கள் வீட்டு அழைப்பு மணியை ஒருநாளும் அழுத்தியதில்லை. கதவைத் தட்டுவார். திறந்தால் ஒரு ஹலோகூடக் கிடையாது. "உள்ள பொள்ளலா இருக்கு, மாத்திடுங்க" என்பார்.

"எப்பவும் கண்டுபிடிச்சிட முடியாது" என்று சொல்பவரும் அவரேதான். "ரெண்டு டிரம். ஷேப் வேற வேற. சவுண்டு மட்டும் அச்சு அசலா ஒண்ணு. ப்ரூவ் பண்ணியாச்சு!" இதைச் சொல்லும்போது முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிடும்.

மகள் யும்னாவுக்குப் பதினைந்து வயது. கொஞ்சம் பருமன். பள்ளியில் எடை பார்த்தவர்கள் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது, கல்லீரலில் கொழுப்பு. ஆறு மாதத்தில் இறங்காவிட்டால் மாத்திரை என்றார் டாக்டர்.

பேராசிரியர் சும்மா இருப்பாரா? சோதனை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, மகள் வாரத்துக்கு நான்கு பபிள் டீ குடிக்கிறாள் என்று நிரூபித்துவிட்டார். "அதுல போடுற ஜவ்வரிசி உருண்டையே எனக்குப் பிடிக்காது அத்தா" என்று அவள் அழுதாள். விடை கிடைத்த பிறகு பிள்ளையின் பேச்சு எதற்கு? அன்றிலிருந்து அவள் தட்டில் வெள்ளரிக்காய். எதிரே உட்கார்ந்து இவர் முட்டை பரோட்டா, மூன்று கரண்டி சீனி போட்டு இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர். "எனக்கென்ன? முப்பது வருஷமா பெல்ட்ல அதே ஹோல்" என்பது திறந்த கதவு வழியாக என் வீடுவரை கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குடும்பத்தில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னதை ரவூப்பின் மனைவி ஃபஸீலா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரவூப் சிரித்துக்கொண்டே போய் ரத்தம் கொடுத்து, ஸ்கேனும் எடுத்துவிட்டு வந்தார்.

முடிவு வந்த அன்று, யும்னா தன் தாளையும் அவர் தாளையும் ஃபிரிட்ஜில் பக்கத்தில் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டினாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அவளுக்கு ஆறு புள்ளி இரண்டு. அவருக்கும் ஆறு புள்ளி இரண்டு. கல்லீரல் கொழுப்பு இருவருக்கும்.

"லேப்ல பேரு மாறிப்போச்சு" என்றார். இன்னொரு தடவை கொடுத்தார். மாறவில்லை.

"ரெண்டு டிரம், அத்தா. நீங்கதானே சொன்னீங்க, ப்ரூவ் பண்ணியாச்சுன்னு?" யும்னா கேலியாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. "நான் பொய் சொல்லல."

ரவூப்புக்கு மன்னிப்புக் கேட்க வராது. மறுநாள் வெள்ளரிக்காயை அவரே நறுக்கினார், இரண்டு தட்டுக்கு. சமமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார் என்று ஃபஸீலா சொன்னார்.

அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கிறது, இருவருக்கும் ஒரே நாளில். சனிக்கிழமைகளில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, பூன் கெங்கில் ரயிலை விட்டு இறங்கி, தேக்காவுக்கு மீதி வழியை நடந்தே வருகிறார்கள். போன வாரம் சாகுல் ஹமீது கடையில் பார்த்தேன். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. ரவூப் வழக்கம்போல் பழத்தைத் தூக்கி விரலை மடக்கினார். யும்னா அதை அவர் கையிலிருந்து வாங்கிக் குவியலில் வைத்துவிட்டு, அவருடைய ஒட்டிய வயிற்றில் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினாள். குனிந்து, சட்டைமேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சந்தையே வேடிக்கை பார்த்தது. ரவூப் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றார்.