பதினைந்தாவது மட்டை

என் தங்கை தோற்ற கதையை அப்பா யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வயிறு எரியும். "கடைசியில பயந்துட்டா" என்பார். பயந்தாளாம்! அன்றைக்கு அவளுடைய மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கூடவே நடந்தவள் நான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பேர். அப்பா குளிர்பானப் பெட்டிகளை வேனில் ஏற்றிக் கடை கடையாக இறக்குகிறவர். கோல்ஃப் கிளப்பும் அவர் இறக்குகிற இடங்களில் ஒன்று. அங்கே எவரோ கழித்துப்போட்ட மட்டை ஒன்றை எடுத்துவந்து, ரம்பத்தால் பாதியாக அறுத்து, பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார். ஏழு வயதுப் பொடிசு அதை வைத்துக்கொண்டு கிளப் சமையலறைக்குப் பின்னால் பந்தடித்தாள். அதை கிளப்பின் பயிற்சியாளர் பார்த்தார். இருபத்தொரு வயது வரை இலவசமாகப் பழக அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

பொடிசு ஆடியது அமெச்சூராக. அமெச்சூர் என்றால் பரிசுப் பணத்தைத் தொடக் கூடாது. கோப்பை மட்டும்தான். கோப்பைக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றாக வரும்போதும் அம்மா, "இத அடுப்புல வெச்சா ஏதாவது கொதிக்குமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு முந்தானையால் துடைத்து அலமாரியில் வைப்பாள்.

ஒருவர் பையில் பதினாலு மட்டை வரை இருக்கலாம் என்பது விதி. எங்களிடம் இருந்ததோ பதிமூன்று. அதனால் அந்த அறுத்த குட்டை மட்டையும் ராசிக்காகப் பையில் ஏறிக்கொள்ளும். போட்டி நாளில் பை அடுக்குவது அப்பாவின் வேலை. ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துவிட்டு, கடைசியில் குட்டையை உள்ளே இறக்குவார். பதினாலுக்கு மேல் கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்த வருடத்துப் பெரிய போட்டிதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. முதலாவதாக வருகிறவருக்குத் தொழில்முறைப் போட்டிகளில் நேரடி இடம், ஒரு வருடச் செலவும் அவர்களுடையது. இரண்டாவது வந்தால் வழக்கம்போல அம்மாவுக்குத் துடைக்க ஒரு கோப்பை. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தொன்று முடிகிறது, இலவசப் பழக்கமும் அதோடு சரி. "இதோட பார்ப்போம்மா. கிடைக்கலன்னா வேலைக்குப் போயிடு" என்று அப்பா சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, இடுப்பு வலியோடு வேன் ஓட்டுகிற மனுஷன்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் பயிற்சியாளர் ஆசையாகப் புது மட்டை ஒன்று கொடுத்தார். பொடிசு அதைப் பையில் வைத்துவிட்டு, குட்டையை எடுத்துச் சுவரோரம் சாத்தினாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மூன்றாவது குழிக்குத் தயாராகும்போது, நீள மட்டையை உருவப் பைக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். விரலில் பட்டது சைக்கிள் டியூப்.

"அக்கா, இது எப்படி உள்ள வந்துச்சு?"

மட்டைகளை எண்ணினேன், பதினைந்து. கூட ஆடிய பெண் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே புதர்.

"தூக்கிப் போடுடி அதுல. யாரும் பார்க்கல."

"நான் பார்த்துட்டேனே."

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் வீட்டு வாரிசு! பிழைக்கத் தெரியாத கழுதை, போடுடி!"

அவள் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். முடிந்த இரண்டு குழிகளுக்கும் சேர்த்து நாலு அடி தண்டம். குறைவாக அடித்தவர் ஜெயிக்கிற விளையாட்டில் நாலு அடி என்றால் சும்மாவா? அதற்கப்புறம் அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, நான் பார்த்ததிலேயே அதுதான் உச்சம். இரண்டே அடி வித்தியாசத்தில் முதலிடம் போய் இரண்டாவது ஆனாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்து அவள் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லக் கூடாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். வீட்டுக்குப் போனதும், "கடைசி குழியில கோட்டை விட்டுட்டேம்பா" என்றாள்.

இப்போது ஒரு பயிற்சித் திடலில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்தை எடுத்து வைத்துக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்கினால் அமெச்சூர் இல்லையாம். முதல் சம்பளத்தோடு அதுவும் முடிந்தது. அப்பா கடை கடையாக, "எம்பொண்ணு ப்ரொஃபஷனல் ஆயிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன வாரம் சித்தப்பா சாப்பிட வந்திருந்தார். பேச்சு அந்தப் போட்டிக்குப் போனது. அப்பா ஆணியில் மாட்டியிருந்த குட்டை மட்டையை எடுத்து, துண்டால் துடைத்துச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"ராசியான மட்டைடா. அன்னிக்கு இத மறந்து சுவத்துல சாத்தி வெச்சிருந்தா. நல்லவேளை, காலையில நான் பார்த்து பையில போட்டேன். இவ்வளவு செஞ்சும் ஜெயிக்கத் துப்பில்ல."

என் வாய் திறந்தேவிட்டது. பொடிசு தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆமாம்பா, என் தப்புதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணிய இந்தப் பக்கம் நகர்த்துக்கா" என்றாள்.

நகர்த்தினேன்.