இருபத்து மூன்றாம் நம்பர் பாட்டில்

1. மங்கிய விழி

“பிள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்கா ஐயா. வெளிச்சத்தக் கண்டா அலறுதா.”

பேச்சி இதைச் சொல்லிக்கொண்டே எங்கள் முகாமின் படியேறியபோது, செவ்வாய்க்கிழமைச் சுற்றுக்காக நான் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள் ஐந்து வயது மகள் கோமதி. பின்னாலேயே பேச்சியின் கணவர் சுடலைமுத்து ஓடிவந்தார். குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். அருவிக்கரையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையிலெல்லாம் எண்ணெய்.

யுத்த காலம் அது. தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த வீடுதான் முகாம். டாக்டர் சுந்தரம் மதராஸிலிருந்து வந்தவர். நான் அவருடைய லேப் அசிஸ்டென்ட். மாலைக்கண் கண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சீமை மீனெண்ணெய், கப்பல் வராமல் அடியோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பதிலாக நம்முடைய மேற்குக் கடற்கரைச் சுறாவின் ஈரல் எண்ணெய் வேலை செய்யுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. குத்துக்கல்வலசையிலும் பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கு ஒரு நம்பர் போட்டு, வாரம் ஒரு பாட்டில் கொடுத்தோம். கோமதி இருபத்து மூன்று.

சுறா எண்ணெயைக் கடலை எண்ணெயில் அளவாகக் கலந்து பழுப்புப் பாட்டில்களில் நிரப்புவது என் வேலை. செவ்வாய்தோறும் வீடு வீடாகப் போய்க் காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு நிறைந்த பாட்டிலைக் கொடுப்பதும் நான்தான். பாட்டில் காலியாக இருந்தால் ரிஜிஸ்தரில் ஒரு டிக். மேலே “எண்ணெய் சாப்பிட்டது” என்று என் அழகான கையெழுத்தில் தலைப்புப் போட்டிருந்தேன். இருபத்து மூன்றாம் நம்பருக்கு நாலு வாரம், நாலு டிக்.

டாக்டர் கோமதியின் இமையைப் பிரித்தார். அவள் கத்திய கத்தல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கறுப்பு விழியில் பளபளப்பே இல்லை. மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி போல் மங்கிக் கிடந்தது. வலது கண்ணில் கீழ் ஓரமாக ஒரு சின்னக் குழியும் விழுந்திருந்தது.

“கெரட்டோமலேஷியா” என்றார் டாக்டர் என்னிடம் மட்டும். கருவிழி இளகிக் கரைந்துபோகிற நோய். “ரெண்டு கண்ணும் மூணு நாள் தாங்குமோ நாலு நாள் தாங்குமோ. போன மாசம் வெறும் மாலைக்கண்ணோடதானே இருந்தா? இடையில என்ன ஆச்சு?”

“நாலஞ்சு நாளா பேதி ஐயா” என்றாள் பேச்சி.

“எண்ணெய் டெய்லி போச்சா?”

“ஒரு நாள் தவறல ஐயா” என்று சுடலைமுத்து முன்னால் வந்தார். “வேற யாரையும் தொடவிடல. நானே என் கையால...”

“சரி, சரி. அங்க உக்காருங்க” என்று டாக்டர் அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

“மைதீன், நாலு வாரம் சாப்பிட்ட பிள்ளைக்கு இப்படி வரலாமா? உங்க எண்ணெயில சத்தே இல்லையா, இல்ல நீங்க கெடுத்துட்டீங்களா?”

2. நீலம்

ஒரு மணிக்குத் திருநெல்வேலி ரயில். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் அங்கேயும் சீமை எண்ணெய் மிச்சமிருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. இல்லையென்றால் ஒரு நாள் முழுக்க வீண். எங்கள் எண்ணெய் நல்ல எண்ணெயாக இருந்தால் இங்கேயே பெரிய அளவில் உடனே ஆரம்பிக்கலாம். கெட்ட எண்ணெயாக இருந்தால் அதை நம்பி இங்கே வைத்திருப்பது பாவம்.

“அரை மணி நேரம் குடுங்க சார். டெஸ்ட் பண்ணிடுதேன்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு உள்ளூரப் பயம். காரணம் உண்டு. பத்து நாளைக்கு முன்னால் எண்ணெய் டின்னை மூட மறந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் டின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ அழிந்துபோகும் என்பது லேபில் முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம். யாரிடமும் மூச்சுவிடாமல் டின்னை மூடி வைத்துவிட்டேன். அந்த டின்னிலிருந்துதான் கோமதிக்குப் போன வாரம் பாட்டில் போயிற்று.

டெஸ்ட் ஒன்றும் பெரிய வித்தையில்லை. எண்ணெயில் ஒரு சொட்டைக் குளோரோஃபார்மில் கரைத்து, அதன் மேல் ஆன்டிமணி டிரைகுளோரைடு கரைசலை ஊற்ற வேண்டும். வைட்டமின் ஏ இருந்தால் நீலம் வரும். பத்து எண்ணுவதற்குள் மங்கியும் போகும். ஆனால் அந்தக் கரைசலுக்கு ஈரம் ஆகாது. வெளியிலோ சாரல் காலம். சுவரெல்லாம் வேர்க்கிறது, சட்டை காய மாட்டேன் என்கிறது. பாட்டிலைத் திறந்து பார்த்தால் கரைசல் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மெழுகு வைத்து மூடிய குப்பி ஒன்றே ஒன்றுதான் தெளிவாக மிச்சம். நாலைந்து டெஸ்டுக்குத்தான் வரும்.

பேச்சி மாற்றிக்கொள்ளக் கையோடு கொண்டுவந்திருந்த கோமதியின் பாட்டிலிலேயே அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்தேன். கரைசலை ஊற்றினேன். டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

நீலம் வந்தது. லேசான நீலம் அல்ல, சலவைக்காரர் துணிக்குப் போடுகிற நீலம்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்காகக் கலங்கியது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. என் மேல் தப்பில்லை என்றுதான் கலங்கியது.

டாக்டர் ட்யூபைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். “எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. அப்ப ஏன் பிள்ளைக்கு வேலை செய்யல?”

அவர் மெல்லத்தான் கேட்டார். எண்ணெயில் சத்து இருந்தும் பிள்ளை குருடாகிறாள் என்றால், இந்த எண்ணெய் மனித உடம்பில் செல்லாது என்றல்லவா அர்த்தம்? டாக்டர் அதையே யோசித்திருக்க வேண்டும். “ரயிலுக்கே அனுப்பிடுங்க” என்றார்.

3. துண்டு

வெளியே வந்தேன். பேச்சி சுவரோரம் கோமதியை மடியில் கிடத்தி, வெளிச்சம் படாமல் தலையோடு ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள். ரயிலடி வரை பிள்ளையை நான் தூக்கிக்கொள்ளலாமென்று குனிந்தேன்.

மீனெண்ணெய் வாடை.

என் கை எப்போதும் நாறும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. வீட்டில் என் உம்மா எனக்குத் தனித் தட்டே வைத்திருந்தார். அதனால் என் மூக்கை நான் நம்பவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தேன். வாடை பிள்ளையின் வாயிலிருந்து வரவில்லை. உச்சந்தலையிலிருந்து வந்தது.

“தாயி, இந்தத் துண்டக் கொஞ்சம் தாங்க.”

பேச்சி ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள். லேபுக்கு ஓடினேன். துண்டில் எண்ணெய் ஊறிய இடத்தில் ஒரு விரல் அளவு வெட்டிக் குளோரோஃபார்மில் போட்டேன். என் தலையிலும் எண்ணெய்தான், தேங்காய் எண்ணெய். வெறும் தலை எண்ணெய்க்கும் நீலம் வருமா என்று பார்க்க, என் தொப்பியின் உள்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி இன்னொரு ட்யூபில் போட்டேன். டாக்டர், இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்த்தார். குப்பியில் மிச்சமிருந்ததை இரண்டு ட்யூபிலும் ஊற்றினேன்.

என் தொப்பி ட்யூபில் ஒரு நிறமும் இல்லை. கோமதியின் துண்டு நீலமாயிற்று.

டாக்டர் ட்யூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நீலம் மங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுடலைமுத்துவை உள்ளே கூப்பிட்டார்.

“எண்ணெய என்ன செஞ்சீங்க?”

“தேச்சேன் ஐயா.” அவர் குரலில் பயமே இல்லை. “மொத நாளு ஒரு கரண்டி வாயில விட்டோம். அத்தனையும் கக்கிட்டா. கண்ணு நோவுக்கு உச்சியில எண்ணெ வச்சா சூடு தணியும்லா? எத்தன பெரிய மனுசன் தலையெல்லாம் நான் தேச்சுருக்கேன். சூடு பறக்குறாப்புல தேச்சா உள்ள எறங்கிரும்னு, தெனமும் விடியக்காலம் பிள்ளய மடியில போட்டு, ஒரு சொட்டு கீழ விழாம தேச்சேன்.”

டாக்டர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து சுடலைமுத்துவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“இது வாயால போயி ரத்தத்துல சேந்தாத்தான் கண்ணுக்குப் போகும். தலையில வச்சதெல்லாம் துண்டுலதான் இருக்கு. பிள்ளைக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே போகல.”

சுடலைமுத்து தன் கைகளை விரித்துப் பார்த்தார். அவ்வளவு பெரிய கைகள். “ஒண்ணுமேவா?” என்று கேட்டார்.

ஒரு மணி ரயில் ஊதிக்கொண்டு போயிற்று. கோமதியை நாங்கள் அனுப்பவில்லை.

4. நாலு நாள்

கலக்காத சுறா எண்ணெயைக் கரண்டியில் கொடுத்தோம். கக்கினாள். கருப்பட்டிப் பாகில் குழைத்துக் கொடுத்தோம். அதையும் கக்கினாள். பேதியில் துவண்ட வயிறு எதை ஏற்கும்? டாக்டர் கண்ணில் மருந்து விட்டுக் கட்டுப் போட்டுவிட்டு, “உள்ள நிக்கலன்னா ஒண்ணும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டார்.

அப்போது சுடலைமுத்து கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். சுண்டுவிரலைப் பாகில் தொட்டு, கோமதியின் உள்கன்னத்தில் தடவினார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் ஒரு தடவல். இன்னொரு கை அவள் வயிற்றை மெதுவாக நீவிக்கொண்டே இருந்தது. “ஏட்டி, எனக்காவ முழுங்குட்டி, எங்கம்மால்லா” என்று ஒரே பேச்சு. ஒரு கரண்டி உள்ளே போக ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஆனால் அது வெளியே வரவில்லை.

இப்படியே நாலு நாள். சீசனில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆள் துண்டு விரித்துவிடுவான். அவர் குற்றாலம் பக்கமே போகவில்லை. பேச்சி கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், மகளின் கட்டைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். காலையில் டாக்டர் கட்டுப் பிரிக்கிற நேரம் மட்டும் வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொள்வாள். எனக்கும் அப்படியே போய் நிற்கத் தோன்றும். ஆனால் டாக்டருக்கு டார்ச் பிடிப்பது என் வேலை.

இரண்டாம் நாள் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் வலது கண்ணின் குழி பெரிதாகியிருந்தது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் டார்ச்சைத் தாழ்த்திவிட்டேன்.

நாலாம் நாள் இடது கண்ணைப் பிரித்து டார்ச் அடித்தபோது விழியில் ஒரு சின்னப் புள்ளி மினுங்கியது. என் டார்ச்சின் வெளிச்சம்தான் அது. மங்கிப்போன விழியில் வெளிச்சம் மினுங்காது. ஈரம் திரும்பிவிட்டது.

“பேச்சி! உள்ள வாம்மா!” என்று டாக்டர் போட்ட சத்தத்தில் கோமதி பயந்து அழுதாள். கண்ணீர் வந்தது. நாலு நாளில் அந்தக் கண்ணில் வந்த முதல் கண்ணீர்.

வலது கண் பிழைக்கவில்லை. குழி ஆறியது, ஆனால் பூ விழுந்துவிட்டது. இடது கண்ணால் அவள் நன்றாகப் பார்த்தாள்.

5. டிக்

ரிப்போர்ட் எழுதும் நாளில், “அந்த நாலு டிக்கையும் கோடு போட்டு அடிச்சிடட்டுமா சார்?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“அடிக்காதீங்க. பக்கத்துல என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க.”

எழுதினேன். ஜன்னலோரம் வைத்த டின்னையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன். நன்றாக ஏசினார். அது எனக்குத் தேவையாகவே இருந்தது. அதற்குப் பிறகு பாட்டிலை வீட்டில் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை எடுத்துவிட்டோம். தினமும் காலையில் நானே கரண்டியோடு போய், விழுங்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் டிக். மற்றப் பிள்ளைகளுக்கு எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. ஆராய்ச்சி ஜெயித்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

முகாமைக் காலி செய்யும் முன் சுடலைமுத்துவிடம் சொல்லிக்கொண்டு வரக் குற்றாலம் போனேன். அருவிக்கரையில் ஒருவருக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார்.

“பிள்ள இப்ப ஓடியாடி வெளயாடுதா பாய். ஒரு கண்ணாவது தந்தீங்களே.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தம் பாட்டுக்குச் சொன்னார்.

“ரெண்டாம் வாரமே ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். பிள்ள கக்கிட்டா, அதனால தலையில தேய்க்குதேன், சரிதானான்னு கேக்க. நீங்க பாட்டில் மாத்த வந்தப்ப வாசலுக்கு வந்து ‘பாய், இந்த எண்ணெ’ன்னு ஆரம்பிச்சேன். நீங்க ‘தீந்துட்டுல்லா, சரி சரி, இன்னும் நாலு வீடு பாக்கணும்’னு சைக்கிள்ல ஏறிட்டீங்க.”

குற்றம் சொல்லும் குரல் அல்ல. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படியே நினைவுக்கு வந்தது. ஒரு கால் பெடலில் இருந்தது. பாட்டில் காலியாக இருந்தது. எண்ணெயைப் புகழப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு அவர் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும்.

பிறகு பல ஊர்களில், பல லேப்களில் வேலை பார்த்து ரிடையர் ஆனேன். இன்றைக்கு இதே வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன, என் காலத்தைவிடச் சுத்தமான கரைசல் இருக்கிறது. நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பாட்டிலைப் பார்க்கும் முன்னால் ஆளைப் பாருங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.