சரசக்கா பிரித்த மெரூன் ஸ்வெட்டர்

சரசக்கா போயிட்டாங்க.

காலையில் சதீஷ் போன் பண்ணினான். "சார்... அக்கா..." என்று அழுதான். தூக்கத்திலேயே போய்விட்டார்களாம்.

லவ்டேல் ரோட்டு வளைவுக்கு மேலே சின்னதாக ஒரு கடை. கையால் ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பார்களே... அந்த சரசக்காதான். சிலோன் எஸ்டேட்டிலிருந்து கைக்குழந்தையாக இந்த மலைக்கு வந்தவர்.

நான் ஊட்டி டிராஃபிக் போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவன். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஃபைன் போட்டிருப்பேன். கமெண்ட்டில் வந்து பழிவாங்காதீர்கள், இன்றைக்கு ஒருநாள் விட்டுவிடுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் இங்கே பைக் பையன்கள் தொல்லை தாங்க முடியவில்லை. முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைவில் வருவார்கள், ஒருத்தன் அதை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவான். எங்களுக்குத் தினமும் தலைவலி.

ஒருநாள் ஒருத்தன் அப்படி வந்ததில், எதிரே வந்த டூரிஸ்ட் கார் பதறிப்போய் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உள்ளே ஒரு குழந்தை வேறு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது, ஆளைப் பிடி என்று மேலிடத்தில் ஒரே குடைச்சல்.

நம்பர் பிளேட்டில் கேரட் தோட்டத்துச் சேற்றை அப்பியிருந்தான். முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட். படு உஷார்!

ஆனால் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தான். மெரூன் கலர், முதுகில் பெரிதாக ஒரு மஞ்சள் மின்னல்.

மூஞ்சியை மறைத்த மடையனுக்கு முதுகு ஞாபகம் வரவில்லை. எங்கள் பக்கம் பின்னலைப் பார்த்தாலே யார் கை என்று தெரிந்துவிடும். என் காக்கிச் சட்டைக்குள் இருந்த ஸ்வெட்டரும் அதே கைதான்.

போனோடு நேராகக் கடைக்குப் போனேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடியோவை ரெண்டு தடவை பார்த்தார். "கார்ல வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே சார்?"

"இல்லக்கா. இது யாருக்குப் பின்னுனீங்க?"

"நாளைக்கு வாங்க சார். யோசிச்சுச் சொல்றனுங்க."

மறுநாள் போனால்... மடியில் மெரூன் உல்லன் உருண்டை, பக்கத்தில் மஞ்சள். புது நூல் என்றால் நேராக இருக்கும். இது நெளி நெளியாக இருந்தது. பிரித்த நூல்.

"அக்கா, என்னது இது?"

"உங்க பாப்பாவுக்குக் குல்லா கேட்டிருந்தீங்கள்ல... அதானுங்க."

என் எவிடென்ஸ், என் கண் முன்னாலேயே, என் பேத்திக்குக் குல்லாவாகிக்கொண்டிருந்தது! கத்திவிட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அக்கா ஊசியை நிறுத்தவே இல்லை. "டேய், வெளிய வாடா" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து சதீஷ் வந்தான். வெறும் டீ-ஷர்ட். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றான்.

"ஃபேக்டரி அப்ரெண்டிஸுக்கு செலக்ட் ஆயிருக்கானுங்க சார். போலீஸ் வெரிஃபிகேஷன் வரப்போவுது. இவங்கம்மா கொழுந்து பறிச்சுப் படிக்க வச்சா... கேஸ் மட்டும் வேண்டாமுங்க."

"நாளைக்கு எவன் மேலயாவது ஏத்துனான்னா நீங்க பதில் சொல்வீங்களா?"

"சொல்றனுங்க. வீலத் தூக்கறத விடற வரைக்கும் இவனுக்கு நான் ஸ்வெட்டர் பின்ன மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு தண்டனையா?

ஆனால் சதீஷ் முகம் செத்துப்போனது. அந்த கேங்கில் ஆளுக்கொரு டிசைன், எல்லாம் அக்கா பின்னியது. முதுகில் டிசைன் இல்லாதவன் கேங்கிலேயே இல்லை.

வண்டியைப் பிடுங்கிக் கொஞ்ச நாள் ஸ்டேஷனில் நிறுத்தினேன். ஃபைன் போட்டேன். காரில் வந்தவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வைத்தேன், அந்த மனுஷர் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார். கேஸ் எழுதவில்லை. மேலே என்ன சொல்லிச் சமாளித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த டிசம்பர் உறைபனியில் சதீஷ் அவன் அப்பாவோட பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு பைக்கில் போவான். கை விரல்கூட வெளியே தெரியாது. கூட்டாளிகள் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். ரெண்டு சக்கரமும் தரையில்தான் இருந்தன.

கடையைத் தாண்டும்போது மேலே நிமிர்ந்து பார்ப்பான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"பாவமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க சார். சோறே எறங்க மாட்டீங்குது."

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் புது ஸ்வெட்டர் வந்தது. அதே மெரூன். முதுகு வெறுமனே இருந்தது. மஞ்சள் மின்னல் நெஞ்சில்.

"இனி இவன் மூஞ்சிய மறைக்க வேண்டியதில்லீங்களே" என்றார் என்னிடம்.

மத்தியானம் அடக்கத்துக்குப் போயிருந்தேன். நல்ல மிஸ்ட். அந்த கேங் மொத்தமும் வந்தது, இப்போது பாதிப் பேருக்குத் தொப்பை. சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரையே எழுப்பினவன்கள், இறக்கத்துக்கு மேலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் உருட்டி இறங்கினார்கள். பக்கத்தில் வந்து நிற்கிற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை.

சதீஷ் அதே ஸ்வெட்டரில் வந்திருந்தான். முழங்கையில் நைந்துபோயிருந்தது.

"சார்... அந்தக் குல்லா இருக்குங்களா?"

அவ்வளவு பேர் முன்னால் அழுதுவிட்டேன். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

பாப்பாவுக்கு இப்போது அது தலையில் ஏறாது. ஆனாலும் யாருக்கும் கொடுக்க விடமாட்டேன் என்கிறாள்.

போய்ட்டு வாங்க சரசக்கா... நீங்க அழிச்ச எவிடென்ஸ் எங்க வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு.